புண் ஆறியது, கருமை மாறவில்லையே!



விவிலியத்தில் லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்தை விரும்பிப் படிப்போர் நம்மில் மிகச் சிலரே. தடிப்பு, வெண்படலம், கொப்புளம், தீப்புண் வடு என்று தோலில் தோன்றும் குறிகளை ஒவ்வொன்றாக அது பேசிக்கொண்டே போகிறது. ஞாயிறு வாசகமாக அதில் ஒரு பகுதி வரும் ஆண்டில், வாசிப்பவர் சற்று விரைந்தே முடித்துவிடுகிறார். ஆனால் குருக்களாகிய எங்களுக்கு அதில் சுவையான செய்தியொன்று உண்டு. அக்காலத்தில் மக்களின் தோலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு குருக்களிடமே இருந்தது. ஐயத்திற்கு இடமான குறியைக் கண்டால் உடனே முடிவு கூறாமல், ஏழு நாள் பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பது விதி. தீப்பட்ட இடத்தின் நிறமாற்றம் பரவாமல் நின்ற இடத்திலேயே நின்றால் அது வெறும் தீத்தழும்பு. அம்மனிதர் தூய்மையானவர் என்று குரு அறிவித்துவிடுவார்.

அந்தப் பொறுப்பு இன்று தோல் மருத்துவரிடம் சென்றுவிட்டது. அதற்காக நாம் இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். ஆயினும் திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நிற்கையில், "சாமி, இந்தப் பிள்ளைக்கு இதைக் கொஞ்சம் பாருங்க" என்று மகளின் கன்னத்தையோ மகனின் முழங்காலையோ காட்டும் தாய்மார் இன்றும் உண்டு. அவர்கள் காட்டுபவற்றுள் பெரும்பாலானவை நோயே அல்ல. பரு வந்து அமுங்கிய இடம், கொசு கடித்துச் சொறிந்த இடம், சின்னம்மை இறங்கிய இடம், எண்ணெய் தெறித்த இடம். புண் ஆறிவிட்டது, கருமை மட்டும் தங்கிவிட்டது. இதற்காகக் குடும்பங்கள் செலவிடும் பணத்தையும், அதனினும் மேலாக வளர்ந்த பெண்பிள்ளைகள் சிந்தும் கண்ணீரையும் பல ஆண்டுகளாகக் கண்டுவருவதால், இம்மாதம் இதைப்பற்றியே எழுதத் துணிந்தோம்.

இக்கருமை எங்கிருந்து வருகிறது? நம் மேல்தோலின் அடிவரிசையில் நிறம் ஆக்கும் அணுக்கள் உள்ளன. வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் நமக்கும் இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை எவ்வளவு ஊக்கமாக வேலை செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. அவை ஆக்கும் மெலனின் என்னும் நிறப்பொருள் சுற்றியுள்ள அணுக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அங்கே அது ஒவ்வோர் அணுவின் உட்கருவுக்கும் மேலே குடை பிடித்தாற்போல் அமர்ந்து, வெயிலின் கேட்டிலிருந்து அதைக் காக்கிறது. தோலில் காயமோ அழற்சியோ ஏற்பட்டால் இந்த அணுக்கள் தூண்டப்பட்டு, தேவைக்கு மேல் நிறத்தை ஆக்கிக் குவிக்கின்றன. அதுவே நாம் காணும் கருமை. அழுக்கோ, கெட்ட இரத்தமோ, யார் கண்ணேறோ இதற்குக் காரணமன்று. மாநிறத்தாருக்கும் கறுத்த நிறத்தாருக்கும் இது மிகுதியாக வருவது, அவர்களுடைய நிற அணுக்கள் இயல்பாகவே ஊக்கமுள்ளவை என்பதால்தான். வெயிலால் வரும் தோல் புற்றுநோயிலிருந்து நம்மை வெகுவாகக் காப்பதும் அதே ஊக்கமே.

கருமை எந்த ஆழத்தில் தங்கியிருக்கிறது என்பதையும் அறிய வேண்டும். மேல்தோலில் மட்டும் நின்றால் அது பழுப்பாகத் தோன்றும். மேல்தோல் புதுப்பிக்கப்படும்போது சில மாதங்களில் மங்கும். அழற்சி கடுமையாகி அடிவரிசையே சிதைந்தால், நிறப்பொருள் கீழ்த்தோலுக்குள் சிந்திவிடும். அது சாம்பல் கலந்த நீலமாகத் தோன்றும். அது மறைய ஆண்டுகள் பல ஆகலாம். சிலருக்கு முழுவதும் மறையாமலும் போகலாம். எனவே அழற்சியை எவ்வளவு விரைவாக அடக்குகிறோமோ அவ்வளவுக்குக் கருமை குறையும். கருமை வந்தபின் செய்யும் வைத்தியத்தைவிடக் காயம் பட்ட முதல் நாளில் காட்டும் கவனமே பெரிது.

அடுப்படியில் தொடங்குவோம். சுடு எண்ணெய் தெறித்தவுடன் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஒருவர் பேனா மைக்கு ஓடுகிறார். ஒருவர் தோசை மாவை அள்ளி அப்புகிறார். மற்றொருவர் பற்பசையைப் பிதுக்குகிறார். இவை புண்ணை எரிச்சலூட்டும். கிருமிக்கு இடம் கொடுக்கும். மருத்துவர் புண்ணின் ஆழத்தைக் காணவும் ஒட்டாமல் செய்யும். சுட்ட இடத்தைக் குழாய் நீரின்கீழ் 20 நிமிடம் பிடித்திருங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். பதறும் மனத்திற்கு இரண்டு நிமிடமே இருபதாகத் தோன்றும். பனிக்கட்டி வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். தூய துணியால் மூடுங்கள். குழந்தைக்குச் சுட்டாலும், முகத்திலோ கையிலோ சுட்டாலும், உள்ளங்கையினும் பெரிதாகச் சுட்டாலும் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

"புண்ணைக் காற்றாட விடு, பொருக்குத் தட்டி ஆறட்டும்" என்பது நம் பாட்டிமார் சொல்லிக் கொடுத்த பாடம். 1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் வின்டர் என்னும் ஆய்வாளர், பன்றிகளின் தோலில் இருந்த மேலோட்டமான புண்களை மூடி ஈரம் காத்துப் பார்த்தார். காற்றில் உலரவிட்டவற்றைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு விரைவாக அவற்றின்மேல் புதுத்தோல் படர்ந்தது. ஆகவே சிறு சிராய்ப்பைச் சோப்பும் நீரும் கொண்டு மெல்லக் கழுவி, வாசலின் மெல்லியதாகத் தடவி, மூடி வைப்பதே நலம். பொருக்கு வந்துவிட்டால் அதைப் பிய்க்கக் கூடாது. மறையுரை நேரத்தில் முழங்காலின் பொருக்கைப் பிய்த்துக்கொண்டிருக்கும் சிறுவர்களைப் பீடத்தில் நின்றபடியே நாம் பார்க்கிறோம். மறையுரை நீண்டுவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம் போலும்!

பருவைக் கிள்ளுவதும் இவ்வாறே. கிள்ளப்படாத பரு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடக்கூடும். கிள்ளியது ஓராண்டுக் கருமையை விட்டுச் செல்லும். பரு தொடர்ந்து வருமாயின், முதலில் பருவுக்கு மருத்துவம் செய்ய வேண்டும். புதுப்பரு வந்துகொண்டிருக்கையில் பழைய கருமைக்கு மருந்திடுவது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போன்றது. அரிப்புக்கும் இதுவே நெறி. குழந்தைகளின் கைகால் முழுதும் கரும்புள்ளியாக இருந்தால் கொசுவலையைச் சரிபாருங்கள், நகத்தை வெட்டுங்கள். இரவில் அரிப்பு மிகுந்து, வீட்டில் ஒருவருக்குப்பின் ஒருவராகச் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். அப்போது வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்திட்டுக் கொள்ளாவிட்டால் அது சுற்றிச் சுற்றி வரும்.

சில பொருள்கள் தாமே புண்ணாக்கிக் கருமையும் தருகின்றன. மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் வெந்துபோன பிள்ளைகளைக் கோடையில் காணலாம். மாவின் உறவான முந்திரியின் தோட்டு எண்ணெயும் அத்தகையதே. முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைக் குமரி மாவட்டத்தார் நன்கறிவர். அதே இனத்தைச் சேர்ந்த சேங்கொட்டையை எவரேனும் மருந்தென்று தோலில் தடவச் சொன்னால் உடன்படாதீர்கள். கவரிங் சங்கிலியும் மலிவான உலோகச் சிலுவையும் சிலர் கழுத்தில் அரிப்பையும் வட்டக் கருமையையும் உண்டாக்கும். அவற்றிலுள்ள நிக்கல் என்னும் உலோகம் சிலருக்கு ஒவ்வாது. சிலுவையை நூற்கயிற்றில் கோத்து அணிந்தாலும் அது சிலுவையே.

எலுமிச்சையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கரும்புள்ளிக்கு எலுமிச்சம்பழத்தைத் தேய் என்று கூறாத அத்தையும் சித்தியும் நம் நாட்டில் இல்லை. எலுமிச்சைச் சாற்றிலும் தோலிலும் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டவுடன் தோலைத் தாக்குபவை. சாறு பட்ட இடத்தில் வெயில் படுமாயின், ஓரிரு நாளில் எரிச்சலும் சிவப்பும், சில வேளை கொப்புளமும் தோன்றி, சாறு வழிந்த வழியெல்லாம் கோடு கோடாகக் கருமை படியும். கருமையைப் போக்க இட்டதே கருமையைக் கொண்டுவரும். கல்லாலும் பீர்க்கங்கூட்டாலும் தேய்ப்பதும் அப்படியே. தேய்க்கத் தேய்க்க அது புதுக்காயம்.

சரி, கருமை வந்துவிட்டது. இனி என்ன செய்வது? வெயிலைத் தடுப்பதே முதல் மருந்து. வெயில் பட்டால் ஆறிய புண்ணின் நிறம் மேலும் ஆழமாகும். மருத்துவர்கள் எஸ்.பி.எஃப். 30க்கு மேற்பட்ட வெயில் காப்புக் களிம்பை, வெளியில் இருக்கும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை பூசச் சொல்கின்றனர். கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் நம்மைப் போன்ற நிறத்தாரைக் கறுக்கச் செய்வதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறம் கொண்ட களிம்பு இன்னும் மேலானது. ஆனால் அதன் விலை எல்லார்க்கும் எட்டுவதன்று என்பதையும் அறிவோம். உப்பளத்திலும் கடற்கரையிலும் வயலிலும் வேலை செய்வோர், இரண்டு மணிக்கு ஒருமுறை களிம்பு பூசிக்கொண்டிருக்க இயலுமா? அவர்களுக்குக் குடையும், அகன்ற விளிம்புள்ள தொப்பியும், முழுக்கைச் சட்டையும், தலையைச் சுற்றி முகத்தில் நிழல் விழ இழுத்துவிட்ட துண்டும் உண்டு. ஆண்பிள்ளைகள் குடை பிடிக்க நாணுகின்றனர். அந்நாணத்தை விட்டொழிக்கலாம்.

அடுத்தது பொறுமை. மேல்தோலின் கருமை மங்க ஆறு மாதமோ ஓராண்டோ ஆகலாம். விரைவுபடுத்தும் மருந்துகள் உண்டு. அசெலாயிக் அமிலம் என்பது ஒன்று. பருவையும் தணித்து நிறத்தையும் மங்கச் செய்யும். கருவுற்ற தாய்மாருக்கும் மருத்துவர்கள் அதைத் தருவதுண்டு. ஹைட்ரோகுவினோன் நிறம் ஆகும் வேலையைத் தடுப்பது. சில மாதங்கள் மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் இட வேண்டியது. ஆண்டுக்கணக்கில் தடவியோருக்கு முகத்தில் நீலங்கலந்த நிலையான கருமை படிந்ததுண்டு. டிரெடினாயின் என்பது தோலைப் புதுப்பிக்கும். முதலில் சிறிதளவாகத் தொடங்காவிட்டால் எரிச்சலூட்டி அதுவே கருமைக்கு வித்தாகும். பின் சொன்ன இரண்டையும் கருவுற்றோர் தவிர்க்க வேண்டும். 'லேசர்' என்னும் ஒளிக்கதிர் வைத்தியத்தில் நம் நிறத்தாரின் தோல் வெந்து மேலும் கறுக்கும் அபாயம் உண்டு. ஆகையால் அழகு நிலையங்களில் அதற்கு முகத்தை ஒப்படைக்காதீர்கள்.

இவ்வளவும் நாம் எழுதியது, இனிச் சொல்லப்போவதற்காகவே. நாம் அறிந்த ஒரு வீட்டில், மணம் பேசி முடித்திருந்த மகளுக்குக் கன்னத்தில் பருத்தழும்பின் கருமை இருந்தது. பேசத்தக்க அளவு பெரிதன்று. பெண் பார்க்க வந்த வீட்டாருள் ஒருவர், "முகம் மட்டும் கொஞ்சம் தெளிஞ்சா நல்லா இருக்கும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுச் சென்றார். அன்றே தாயார் அருகிலிருந்த மருந்துக் கடைக்குச் சென்று, சீட்டு ஏதுமின்றி ஒரு களிம்பு வாங்கி வந்தார். இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆயிற்று. வீடே மகிழ்ந்தது. உறவுக்காரப் பெண்கள் இருவர் அக்களிம்பின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போயினர். நான்காம் மாதத்தில் முகம் வெயிலைக் கண்டாலே தீயாய் எரிந்தது. தடவுவதை நிறுத்தினால் சிவந்து, மணல் வாரி இறைத்தாற்போல் பரு புறப்பட்டது. மீண்டும் தடவினால் அடங்கியது. கன்னத்தில் மெல்லிய இரத்த நாளங்கள் வலைபோல் தெரிந்தன. மேலுதட்டில் முடி வளரத் தொடங்கியது. திருமண ஓலை வாசிக்கப்பட்ட மூன்று ஞாயிறுகளிலும் அப்பெண் கோவிலுக்கு வரவில்லை.

அக்களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது. ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் ஒன்றாய்க் கலந்து இடும் முறையை 1975ஆம் ஆண்டில் கிளிக்மன், வில்லிஸ் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். தேர்ந்த மருத்துவர் கையில், குறித்த சில வாரங்களுக்கு, அது பயனுள்ள மருந்துதான். மருத்துவரின் குறிப்பில்லாமல் மாதக்கணக்கில் முகத்தில் பூசும்போதுதான் கேடு விளைகிறது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கி நிறத்தை வெளுக்கச் செய்யும். அதே வேளையில் தோலை மெலியச் செய்து தன்னையே நாடவும் பழக்கிவிடும். இக்கேடு நம் நாட்டில் பெருகியதால் அதற்கென்று தனிப்பெயரே இட்டு இந்தியத் தோல் மருத்துவர்கள் பல்லாண்டு குரல் எழுப்பினர். 2018ஆம் ஆண்டில் நடுவணரசு விதியைத் திருத்தி, இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்று ஆணையிட்டது. ஆணை ஏட்டில் உள்ளது; எத்தனை கடைகளில் சீட்டு கேட்கிறார்கள் என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

குழாயின்மேல் அச்சிட்டுள்ள சிற்றெழுத்தைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளுசினோலோன் என்னும் பெயர்களுள் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஏற்கெனவே நெடுநாள் பூசியிருந்தால் அஞ்சித் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். படிப்படியாக மீட்கும் வழி அவருக்குத் தெரியும். நாம் மேலே சொன்ன பெண்ணுக்கும் அவ்வாறே வைத்தியம் நடந்து, ஓராண்டுக்கு மேல் சென்றபின் எரிச்சல் நின்றது. திருமணம் குறித்த நாளில் நடந்தது. மணமகன் கருமையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை என்று பிற்பாடு அறிந்தோம். கேட்டவர் அவருடைய பெரியப்பா.

எங்கே ஆக்கியது என்ற குறிப்பே இல்லாமல் கைமாறி வரும் வெண்மைக் களிம்புகள் இன்னும் கொடியவை. அவற்றுட் சிலவற்றில் பாதரசம் உண்டு. கேரளத்தின் மலப்புரம் பகுதியில் அத்தகைய களிம்பு பூசியோருக்குச் சிறுநீரகம் பழுதானதை மருத்துவர்கள் கண்டறிந்து 2023ஆம் ஆண்டில் எச்சரித்தனர். தோலில் தடவியது தோலோடு நின்றுவிடும் என்று எண்ணுவது தவறு.

கருமையாகத் தோன்றுவதெல்லாம் காயத்தின் கருமையும் அன்று. சிலருக்கு ஒரே இடத்தில் வட்டமாகச் சிவந்து, பின் கறுத்து, சில மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் வரும். வலி மாத்திரையோ கிருமிக்கொல்லி மாத்திரையோ உட்கொண்ட ஒவ்வொரு முறையும் அப்படி நேர்ந்தால் அம்மருந்து அவருக்கு ஒவ்வாது. அதன் பெயரை எழுதிவைத்து எந்த மருத்துவரிடம் சென்றாலும் காட்ட வேண்டும். பிடரியும் அக்குளும் பட்டுத்துணிபோல் தடித்துக் கறுத்திருந்தால் அதை அழுக்கென்று தேய்க்காமல், சர்க்கரை உள்ளதா என்று இரத்தத்தைச் சோதியுங்கள். பருமனான பிள்ளைகளைப் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி நிறம் கூடுவதற்கு மாறாகக் குறைவதைப்பற்றி. காயம் ஆறிய இடம் சிலருக்குச் சிறிது காலம் வெளுத்துக் காணும். பின் நிறம் திரும்பும். ஒட்டுப் பொட்டு வைக்கும் இடத்தில் வெளுத்தால் அதன் பசையே காரணமாகலாம். பொட்டை உடனே நிறுத்த வேண்டும். ஆனால் காயம் எதுவும் படாத இடத்தில் வெளிறிய அல்லது செம்மை படர்ந்த தேமல் தோன்றி, அதில் தொட்டால் உணர்வு குறைந்திருந்தால் காத்திராதீர்கள். கண்ணை மூடச் செய்து பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். அவ்விடத்தில் தொட்டது தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலக்காயில் 1873 முதல் தொழுநோயாளரிடையே வாழ்ந்த புனித தமியான், கொதிநீரில் கால் பட்டும் சுடாததைக் கண்டே தமக்கும் அந்நோய் வந்ததை உணர்ந்தார் என்பர். அவர் 1889இல் இறந்தபோது அதற்கு மருந்து இல்லை. 1982 முதல் உலக நல நிறுவனம் வகுத்த கூட்டு மருந்து உண்டு. 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் நோய் தீரும். நரம்பு பழுதாகுமுன் தொடங்கினால் ஊனமும் வராது. அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அது இலவசமாகவே கிடைக்கும். வீட்டில் எவருக்கேனும் அத்தகைய தேமல் இருந்தால், அக்கம்பக்கத்தார் அறிவரே என்று அஞ்சி மறைக்காமல், நாளைக் காலையே அழைத்துச் செல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமெனில் பங்குக் குருவையோ பங்கிலுள்ள அருட்சகோதரிகளையோ கேளுங்கள், உடன் வருவோம்.